வீரம்மாவின் அண்டாவில் ஊறிய கடல்

நெற்றியில் திருநீறு பூசி, கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, சூடத்தைக் கொளுத்தி வெறுங்கையால் அணைத்துவிட்டுத்தான் இதை எழுத ஆரம்பித்திருக்கிறேன். கை இன்னும் எரிகிறது. இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நிஜம். நம்பாதவர்களுக்கு அண்டாவே சாட்சி. வீரம்மாவின் அந்த அண்டா பிரிக்பீல்ட்ஸ் கோயில் மடப்பள்ளியில் இன்றைக்கும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்த் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஹால்வர் துரை பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில். நார்வேக்காரர். கொக்கு மாதிரி உயரம், சிவந்த காது, மெல்லிய பேச்சு. எங்கள் ரயில்வே லயத்து வீட்டு வரிசைக்கு அடுத்தாற்போல் இருந்த பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்தார். கடல் தண்ணீரில் உப்பு போக மற்றபடி என்னென்ன உலோகம் கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. செம்பு, துத்தநாகம், கொஞ்சூண்டு பொன், எல்லாவற்றுக்கும் மேலாக ஈயம். பக்கத்து அம்பாங்கில் மலையைக் கரைத்து எடுக்கிறார்களே, அதே வெள்ளீயம். மலையில் இவ்வளவு இருந்தால் ஆறு அதில் எவ்வளவைக் கடலுக்குக் கொண்டுபோகிறது என்பது அவருடைய கேள்வி.

“கடல் ஆராய்ச்சிக்குக் கடலோரமாப் போகாம இங்க என்னாத்துக்கு வந்தாரு?” என்று நான் அவருடைய சமையற்காரன் கிரிகரியிடம் கேட்டேன்.

“கடலுக்குப் பக்கத்துல இருந்தா காத்துல வர்ற உப்பு தராசுல ஏறி உக்காந்துக்குமாம் அண்ணே. அதான் இவ்ளோ தூரம்.”

அந்தத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். துரை ஒரு காகிதத்தை எடை போட்டுவிட்டு, அதில் கையெழுத்துப் போட்டு மறுபடியும் எடை போட்டுக் கையெழுத்தின் கனம் இவ்வளவு என்று சொல்லுவார். கிரிகரி அடுக்களையில் இக்கான் பிலிஸ் வறுத்தால் முள் அடுக்களைப் பக்கம் சாயும். அந்த நெத்திலிக் கருவாட்டு வாடைக்கு நாங்களும் அந்தப் பக்கம்தான் சாய்வோம் என்பதால் எங்களுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தெரியவில்லை.

அவ்வளவு நுட்பமான வேலை என்றால் சுத்தமும் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டுமே. துரை சட்டையில் உலோகப் பொத்தானை வெட்டிவிட்டுக் கொட்டாங்கச்சிப் பொத்தான் தைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு தங்கப் பல் இருந்தது. தண்ணீர்ப் புட்டியைத் திறக்கிறபோது அதைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிட்டு வருவார். அந்த நேரத்தில் அவர் பேசினால் கிரிகரிக்கே புரியாது.

துரைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவன் கன்னையா. ரயில் பாதையில் கட்டை மாற்றுகிற வேலையில் இருந்தவன். ஒரு கட்டை நழுவி முழங்காலில் விழுந்ததில் வேலையும் போய், லயத்து வீடும் போய்விட்டது. கையில் ஒரு மூட்டை, தலையில் ஓர் அண்டா, கூட ஒரு பெண்டாட்டி என்று சாலையில் நின்றவனைத் துரைதான் கூப்பிட்டுப் பங்களாவின் பின்புறத்து அறையைக் கொடுத்தார். தண்ணீர் வேலை இருக்கிறவரை அறை. இதுதான் ஏற்பாடு.

வாராவாரம் கன்னையா காலை ரயிலில் கிள்ளான் தாண்டித் துறைமுகத்துக்குப் போவான். அங்கே ஒரு மலாய்க்காரருடைய சம்பான் படகில் ஏறி, ஆற்று முகத்துவாரத்திலிருந்து வெளிக்கடல் வரைக்கும் இடத்துக்கு ஒரு புட்டியாக மொண்டுவருவான். மொள்வதற்கு முன் குளிக்க வேண்டும். வெளுத்த வேட்டி கட்டி, வாயைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். புட்டியின் கழுத்துக்கு மேல் விரல் படக் கூடாது. அரைஞாண் கயிற்றில் சாவி தொங்கக் கூடாது. சம்பானில் ஆணி இருக்கிறதென்று துரை ஒருமுறை அதையெல்லாம் பிடுங்கச் சொல்லிப் பிரம்பால் கட்டவைத்தார். நடுக்கடலில் சம்பான் தாமரைப் பூ மாதிரி மெதுவாக விரிந்தது. படகோட்டியும் கன்னையாவும் ஆளுக்கு ஓர் இதழில் உட்கார்ந்து கரை வந்து சேர்ந்தார்கள். புட்டி ஒன்றுகூட உடையவில்லை.

சாயங்காலம் மழையோடு மழையாக வந்து இறங்குவான். புட்டிகளை அறையில் வரிசையாக வைத்துவிட்டுக் கஞ்சியைக் குடித்துப் படுத்தால் மறுநாள் மதியம்வரை இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். துரையும் அதற்கப்புறம்தான் தண்ணீரை எடுத்துவரச் சொல்லுவார். அந்த இடைவெளியில்தான் வீரம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை.

வீரம்மா கெட்டிக்காரி. வாயும் அப்படித்தான். அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அம்மா வீட்டிலிருந்து வந்த அந்தப் பித்தளை அண்டா. புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தால் எதிர் வீட்டுக்காரர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடப்பார்கள். உள்ளே ஈயம் பூசியிருக்கும். தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை, பொங்கலுக்கு முன்னால் ஒருமுறை ஈயம் பூசுகிற அய்யாவு வந்து புதிதாகப் பூசிக்கொடுத்துவிட்டுப் போவார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். குளிக்கிறான், வெள்ளை கட்டுகிறான், வாயைப் பொத்திக்கொள்கிறான், கைபடாமல் கொண்டுவருகிறான். இதெல்லாம் எதற்குச் செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? சாமிக்குத் தீர்த்தம் கொண்டுவருகிறவன் செய்கிற காரியம். துரை ஊர் சாமிக்கு அபிஷேகம் கடல் தண்ணீரில்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டினாள். ஆனால் தீர்த்தத்தை யாராவது சாராயப் புட்டி மாதிரி இருக்கிற கண்ணாடியில் வைப்பார்களா? அதுவும் கிள்ளான் தண்ணீர். சேறு. அந்தக் காலத்தில் முகத்துவாரத்துக் கடல் எவ்வளவு கெட்டி என்றால், முதலை தரை என்று நினைத்து நடந்து போய்விடும்.

பாவம், வெள்ளைக்காரருக்கு முறை தெரியவில்லை. நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஆகவே கன்னையா தூங்கியதும் அண்டாவைப் புளி போட்டுத் தேய்ப்பாள். எல்லாப் புட்டியையும் அதில் ஊற்றுவாள். சலவை வேட்டியில் வடிகட்டி, ஒரு துளசி இலை போட்டு மூடிவைப்பாள். மறுநாள் காலைவரை ஊறும். பிறகு துளசியை எடுத்துவிட்டு, தெளிந்த தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் திரும்பவும் புட்டிகளில் நிரப்பி, முன்பிருந்த வரிசையிலேயே வைத்துவிடுவாள். யாரிடமும் சொல்லவில்லை. புண்ணிய காரியத்தைச் சொல்லிக்காட்டினால் பலன் போய்விடும் என்று அவளுக்கு எண்ணம்.

துரைக்கு ஒரே சந்தோஷம். கிள்ளான் கடலில் அவர் கண்ட ஈயம் எந்தக் கடலிலும் எவரும் கண்டதில்லை. செம்பும் துத்தநாகமும் அப்படியே. அதைவிட அதிசயம், முகத்துவாரத்துப் புட்டியிலும் வெளிக்கடல் புட்டியிலும் இம்மி பிசகாமல் ஒரே அளவு. இவ்வளவு ஒற்றுமையான கடலை உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை என்று கிரிகரியிடம் சொன்னாராம். எங்கள் லயத்தில் இரண்டு வீடு ஒற்றுமையாக இருந்ததில்லை என்பதால் எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கவிட்டார். அதில் கடலின் ஈயம் தீபாவளிக்கு ஒரு மலை ஏறி, மெல்ல இறங்கி, பொங்கலுக்கு இன்னொரு மலை ஏறி, பிறகு ஆடி ஆவணிவரை சரிந்துகொண்டே போகும். துரை இதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தார். வடகிழக்கு மழை மலையை அரித்து ஈயத்தை இறக்குகிறதாம். மழையும் அந்த மாதங்களில்தான் பெய்தது என்பதால் யாரும் மறுத்துப் பேச முடியவில்லை. அம்பாங்கில் ஈயச் சுரங்க லம்பம் வைத்திருந்த ஒரு சீனத் தவுக்கே முதலாளி வேலை மெனக்கெட்டு வந்து, வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கடலை எந்த ஆபீசில் விற்கிறார்கள் என்று கேட்டுப்போனார்.

அடுத்த தீபாவளிக்கு இன்னும் பெரிய மலை ஏறும் என்று துரை தன் ஊர்ப் பெரியவர்களுக்குத் தந்தி கொடுத்தார். அதை நேரில் பார்க்க அங்கிருந்து ஒருவர் கப்பல் ஏறிவிட்டார்.

அந்த தீபாவளிக்கு அய்யாவு மலைக்காய்ச்சலில் படுத்துக்கொண்டார். அண்டாவுக்கு ஈயம் பூச ஆள் இல்லை.

தீபாவளி போயிற்று. கார்த்திகை வந்தது. ஈயம் ஏறவில்லை, இறங்கியது. துரை சாப்பாட்டைக் குறைத்தார். தங்கப் பல்லைக் கழற்றிய இடத்தில் மறந்துவிட்டுத் திரிந்தார். ஒருநாள் மத்தியானம், மழை கட்டி இருட்டிக்கொண்டிருந்த நேரம், பின்புறத்துக்கு வந்து ரம்புத்தான் மரத்தடியில் நின்று கன்னையாவைக் கூப்பிட்டார். நான் வேலி ஓரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். துரை நெடுநேரம் பேசினார். கிரிகரி கைகட்டிக் கேட்டுவிட்டுத் திரும்பினான்.

“தொரை கோவமா இருக்காரு.”

“அவ்ளோ நேரம் பேசுனாரு, நீ இவ்ளோதான் சொல்ற?” என்றான் கன்னையா.

“மிச்சத்தச் சொன்னா நானும் பாவத்துல சேருவேன்லா. நீ கடலுக்கே போறதில்லியாம். கிள்ளான் ஸ்டேசன்லயே எறங்கி, எங்கயோ கெணத்துல மொண்டு உப்பப் போட்டுக் கலக்கிக் கொண்டாந்து குடுக்கிறியாம்.”

கன்னையா நொண்டிக்கொண்டே ஓர் அடி முன்னால் வந்தான். “என்னாண்ணே சொல்ற? என் காலப் பாக்கச் சொல்லு. உப்புத் தண்ணி பட்டுப் பட்டுப் புண்ணு ஆறல. கெணத்துத் தண்ணிக்கு இப்படி ஆவுமா?”

“நான் கேக்கலடா, அவரு கேக்கிறாரு.”

“நீ சொல்லு அவருகிட்ட. படகுக்காரரக் கேக்கச் சொல்லு.”

“படகுக்காரரு உன் சிநேகிதன்னு அவருக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே பூவுல உக்காந்து வந்தவங்க இல்ல?”

துரை மறுபடி ஏதோ சொன்னார். இந்த முறை சுருக்கமாக. கிரிகரி ரம்புத்தான் இலை ஒன்றைக் கிள்ளினான்.

“மாசம் முடியறதுக்குள்ள ரூமக் காலி பண்ணணுமாம்.”

வீரம்மாவுக்கு அது நிறைமாதம். வாசற்படியில் இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முயன்று, முடியாமல், அங்கிருந்தே கேட்டாள்.

“என்னாங்க, நெசமாவே நீங்க கடலுக்குப் போறீங்களா இல்லியா?”

“நீயுமா புள்ள?”

“கேட்டா என்னா? தெரிஞ்சிக்கிட்டா நான் சண்ட போடறதுக்குத் தோதா இருக்கும்.”

“போறேன். சத்தியமா போறேன்.”

“அப்ப சரி” என்றாள்.

அன்றைக்குப் பெய்த மழை லயத்து வாய்க்காலை மூடிவிட்டது. மழை விட்டதும் நான் போய் உட்கார்ந்தேன். வீரம்மா மிளகு ரசம் வைத்திருந்தாள். போவதற்கு இடம் யோசித்தோம். கிள்ளானில் தெரிந்தவர் வீடு உண்டு, ஆனால் அங்கே ஏற்கெனவே ஆள்மேல் ஆள். தோட்டத்துக்குப் போனால் காலைப் பார்த்ததுமே கங்காணி திருப்பி அனுப்பிவிடுவான்.

“புள்ளயப் பெத்துக்கிற வரைக்குமாவது விடுவாரான்னு கேட்டுப் பாக்கலாமா அண்ணே?” என்றான் கன்னையா என்னிடம்.

“திருடன்னு சொன்ன வாயிகிட்ட எடம் கேக்கிறதா?” என்றாள் வீரம்மா. “ரோட்டுல பெத்துக்கிறேன். ரயிலு வர்ற சத்தத்துல நான் கத்துறது கேக்காது. ஒண்ணு மட்டும் சொல்றேன். போற எடத்துக்கு அண்டா பளபளன்னு வரணும். பெத்தவளுக்கு வெந்நி வைக்கணும், புள்ளயக் குளிப்பாட்டணும். அய்யாவு அண்ணன் எழுந்துட்டாராம், வரச் சொல்லுங்க.”

அய்யாவு வந்தார். காய்ச்சலில் பாதி ஆளாகியிருந்தார். மீதிப் பாதிக்கு வாய் மட்டும் குறையவில்லை. ரம்புத்தான் மரத்தடியில் குழி வெட்டிக் கரி போட்டுத் துருத்தியை ஊதினார். மணலும் துணியும் போட்டு அண்டாவின் உள்பக்கத்தைத் தேய்த்தார்.

“ஏம்மா, போன பொங்கலுக்குக் கெட்டியாப் பூசிக் குடுத்தேனே. என்னா ஆக்கித் தின்ன இதுல? ஈயம் பூரா அரிச்சுக்கிட்டுப் போயிருக்கு.”

“பூசுறப்பவே கம்மியாப் பூசுனீங்க, இப்ப என்னயச் சொல்றீங்க.”

“கம்மியா? என் கையப் பத்திச் சொல்லாத. இப்ப அலுமினியம்னு ஒரு கருமம் வந்திருக்கு பாசார்ல. அத வாங்குறவங்கதான் இப்படிப் பேசுவாங்க. அதுல ஈயம் ஒட்டாது தெரியுமா? தலகீழா நின்னாலும் ஒட்டாது. அது சட்டியே இல்ல.”

அண்டா காய்ந்ததும் நவச்சாரத்தைத் தூவினார். வெள்ளைப் புகை குப்பென்று எழும்பிப் பங்களாவின் ஜன்னல்வரை போயிற்று. ஈயக் குச்சியை வைத்ததும் அது உருகி ஓடியது. பஞ்சுத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே நிலா வந்த மாதிரி இருந்தது.

புகைக்கு இருமிக்கொண்டே துரை வெளியே வந்தார். கிரிகரியும் பின்னாலேயே வந்தான். துரை என்ன ஏது என்று கேட்கவில்லை. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் அதில் தெரிந்தது. ஈயக் குச்சியை அய்யாவு கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு வீரம்மாவைப் பார்த்தார்.

அவர் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று வீரம்மா நினைத்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள்.

“கிரிகரி அண்ணே, நீங்க நான் சொல்றத ஒண்ணு விடாம சொல்லணும். எங்க வீட்டு ஆளு திருடன் இல்ல. அவரு கொண்டாந்த தண்ணிய நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு தொரைக்குத் தெரியுமா? சேத்தோட குடுத்தேனா ஒரு நாளாச்சும்? புளி போட்டுத் தேச்சு, இந்த அண்டாவுல ஊத்தி, வேட்டியில வடிகட்டி, தொளசி போட்டு, விடிய விடிய ஊறவச்சு, தீர்த்தமாக் குடுத்தேன். அவங்க ஊர்ல எவளாச்சும் செய்வாளா? இப்ப ஈயமும் பூசியாச்சு. இனிமே இன்னும் நல்லா இருக்கும்னு சொல்லுங்க.”

கன்னையா வாயைத் திறந்தவன் மூடவில்லை.

கிரிகரி சொன்னான். ஒன்று விடாமல்தான் சொன்னான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் துரையின் காது சிவப்பிலிருந்து வெள்ளையாயிற்று. அவர் கேட்டதெல்லாம் ஒரே ஒரு கேள்வி.

“எல்லாப் புட்டியையும் சேத்து ஊத்துவியான்னு கேக்கிறாரு.”

“பின்ன? தீர்த்தத்துல என்னா சாதி?”

துரை உள்ளே போனார். சுவரிலிருந்து எதையோ கிழிக்கிற சத்தம் கேட்டது. அய்யாவு துருத்தியைச் சுருட்டினார். கிரிகரி சிலுவை போட்டுக்கொண்டான். கன்னையா மெல்ல, “ஏன் புள்ள, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்றான்.

“நீங்க முழிச்சிருந்தா சொல்லியிருப்பேன்.”

துரை திரும்பி வந்தபோது மரத்தடியில் நாங்கள் இருந்தபடியே இருந்தோம். தங்கப் பல் போட்டிருந்தார். கிரிகரியிடம் பேசினார்.

“அந்த அண்டா அவருக்கு வேணுமாம். அண்டாவுலேருந்து எவ்ளோ எறங்குச்சின்னு அளந்தாத்தான் கடல்ல எவ்ளோ இருந்துச்சுன்னு கழிச்சுப் பாக்க முடியுமாம். இல்லாட்டி இவ்ளோ நாள் செஞ்சதெல்லாம் குப்பையாம். என்னா வெல சொன்னாலும் குடுக்கிறாராம்.”

“குடுக்க மாட்டேன்” என்றாள் வீரம்மா.

“ஏய், தொரை கேக்கிறாரு.”

“அம்மா வீட்டு அண்டாவ விக்கிறதுக்கு நான் செத்தா போயிட்டேன்? அண்டா எங்க இருக்குதோ அங்கதான் நான் இருப்பேன். நான் எங்க இருக்கேனோ அங்கதான் அது. நாங்க மாசக் கடைசியில போறோம். போற எடத்துக்கு வந்து அளந்துக்கச் சொல்லுங்க.”

கிரிகரி இதைச் சொன்னதும் துரை ஒருமுறை அண்டாவைப் பார்த்தார், ஒருமுறை அவள் வயிற்றைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவ்வளவு பெரிய மனிதருக்குக் குதிரைக்குட்டி கனைக்கிற மாதிரிச் சிரிப்பு.

“போவ வேணாமாம்” என்றான் கிரிகரி. “அண்டா இங்கதான் இருக்கணுமாம். அதே புளி, அதே வேட்டி, அதே தொளசி. நீ எப்படிச் செஞ்சியோ அப்படியே அவரு கண்ணு முன்னால ஒரு வருசம் செய்யணுமாம்.”

“தண்ணி கொண்டார்றது யாரு?”

“ஒம் புருசந்தான். வேற யாரு அந்தப் பூவுல உக்காருவா?”

கன்னையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். மழைத் தண்ணீர் என்று சொன்னான். மழை பெய்யவில்லை.

கப்பலில் வந்த பெரியவர் ஈய மலையைப் பார்க்க முடியாமல், கிரிகரியின் நெத்திலி சம்பலைச் சாப்பிட்டுவிட்டு, வந்த கப்பலிலேயே திரும்பினார். வீரம்மாவுக்கு அதே அறையில் பெண் குழந்தை பிறந்தது. அண்டாவில் வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினார்கள். குளிப்பாட்டிய தண்ணீரில் ஒரு புட்டி கொடுக்க முடியுமா என்று துரை ஆள் விட்டார். கொடுத்தோம். அதில் கடலைவிட நூறு மடங்கு பொன் இருந்ததாகச் சொன்னார். குழந்தையின் இடுப்பில் அப்போது கறுப்புக் கயிறுதான் கட்டியிருந்தது, ஆகவே அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் அளந்தார். அண்டாவின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது கிள்ளான் கடலில் ஈயம் மற்றக் கடல்களில் இருக்கிற அளவுதான் இருந்தது. ஆனால் தண்ணீரை எதில் வைக்கிறோம் என்று பார்க்காமல் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது என்று தன் ஊரில் எழுதப்போவதாகச் சொல்லிவிட்டு, தராசைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு கப்பல் ஏறினார். போகிறபோது பின்புறத்து அறையைப் பங்களாவின் சொந்தக்காரரிடம் சொல்லிக் கன்னையா பேருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். குழந்தை அந்த அறையில்தான் தவழ்ந்தது, நடந்தது, எதிர்த்துப் பேசவும் கற்றது.

வீரம்மா தன் கடைசிக் காலத்தில் அண்டாவைக் கோயிலுக்குக் கொடுத்தாள். “அது இருக்கிற எடத்துல எனக்கு ஒரு வாய் சோறு உண்டு” என்று சொல்லித்தான் கொடுத்தாள். கொடுத்தபோது நானும் ஒரு பக்கக் காதைப் பிடித்துத் தூக்கினேன்.

இதை எழுதி முடிப்பதற்கு முன் சாட்சியை ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று போன வெள்ளிக்கிழமை மடப்பள்ளிக்குப் போனேன். அண்டா அங்கேதான் இருக்கிறது. அலுமினியம்.